மணிக்கட்டில் நாலு எழுத்து

அத்தியாயம் 17

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கும்மிடிப்பூண்டி பஜாரில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் உள்ள டாட்டூ கடையில் இருந்தவர்கள்:

ஆரோக்கியமேரி. வயது நாற்பத்தேழு. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் தினமும் நானூறு சப்பாத்தி போடுகிறவள்.

தேசப்பன். அவள் புருஷன். ரோலிங் மில்லில் ஆபரேட்டர். நான் வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன்.

கிறிஸ்டினா. மகள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம்.

மோகன்ராஜ். கடைக்காரன். முன்னால் தேசப்பனின் மில்லில் கிரைண்டிங் வேலை பார்த்தவன்.

ஓடாத ஏசி ஒன்று.

வராதவர்கள் இரண்டு பேர். இருவர் பெயரும் கலியன். பேச்செல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

முதல் கலியன், ஆரோக்கியமேரியின் இடது மணிக்கட்டுக்கு மேலே பச்சையாக இருப்பவன். பதினேழு வயதில் அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை. செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டினான். பிறகு லாரியில் ஏறி நெல்லூர்ப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. ஆள் போய்விட்டான். பெயர் தங்கிவிட்டது.

இரண்டாவது கலியன், கிறிஸ்டினாவுக்கு மாமனாராக வரப்போகிறவர். ஆர்.கே.பேட்டையில் நெல் போடுகிறவர். அவன் வேறு, இவர் வேறு. போன வாரம் போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து ஆரோக்கியமேரி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இது வேற ஆளு. அவனுக்கு இவ்ளோ பெரிய காது கெடையாது."

ஆள் வேறுதான். எழுத்து அதே எழுத்து.

எட்டு மாதமாகப் பேசிவந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்றால், அது அப்படித்தான் போனது. மாப்பிள்ளை அன்புசெல்வன் அவரை நைனா என்பான். கிறிஸ்டினாவும் தன் போனில் நைனா என்றே போட்டு வைத்திருந்தாள். சம்பந்தியம்மாள் லட்சுமியம்மாள் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழைய ஆள். ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டைத்தான் நீட்டுவாள். "அன்பு நைனா" என்பதோடு சரி. நிச்சயதார்த்தப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் வாட்ஸப்பில் வந்தபோதுதான், இரண்டாவது வரியில் அந்த நாலு எழுத்தும் உட்கார்ந்திருந்தது.

ஆர்.கே.பேட்டைக்காரர்கள் லேசில் ஒப்புக்கொண்டவர்கள் இல்லை. நிலம் இருக்கிற வீடு. இங்கே இருப்பது கூலிக்குப் போன வீடு, அதிலும் பாதி வேதக்கார வீடு. கடைசியாகத் தலையாட்டியவள் லட்சுமியம்மாள். அவளுக்கு இன்னும் முழு மனசு இல்லை என்று அன்புசெல்வனே சொல்லியிருந்தான். இதுவரை அந்தக் கையை அவர்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றும்போது, பெண்ணின் அம்மாவுடைய கை சம்பந்தியின் மூக்குக்கு நேரே நீளும். அந்தக் கையில் சம்பந்தியின் பெயரே இருக்கும். பக்கத்தில் லட்சுமியம்மாள் நிற்பாள்.

அதனால்தான் இந்தக் கடை.

மோகன்ராஜ் அவள் கையை விளக்கடியில் இழுத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தான். தோலை விரலால் இழுத்துவிட்டான்.

"எவ்ளோ குடுத்து குத்தினக்கா இத?"

"அஞ்சு ரூபா. கூட ஒரு முறுக்கு."

"முறுக்க, பச்ச குத்தின அம்மா உனக்குக் குடுத்துச்சா, நீ அதுக்குக் குடுத்தியா?"

"அழுதேன்னு எனக்குக் குடுத்துச்சு."

"ஆழமா எறக்கியிருக்குது. அஞ்சு ரூபாய்க்கு இவ்ளோ வேலை இப்ப எவனும் செய்யமாட்டான்."

தேசப்பன் குறுக்கிட்டான். "அத வுடு. இத மறைக்க இன்னா ஆவும்? ஒரு ரேட்ட சொல்லு."

"அப்டி ஒரு ரேட்டுலாம் சொல்ல முடியாதுணா. அளவு ஒண்ணு. ஒடம்புல எந்த எடம்ங்கறது ஒண்ணு. வெலா எலும்பு மேல குத்தினா ஆளு துள்ளுவான், நேரம் இழுக்கும், அதுக்கேத்த காசு. கருப்பு மட்டுமா, கலரா. கோடு மட்டுமா, உள்ள நெரப்பணுமா. எவ்ளோ நேரம் நான் குனிஞ்சினு இருக்கணும். ஊசி ஆளுக்கு ஒண்ணு, கையொறை ஆளுக்கு ஒண்ணு, மை ஆளுக்குக் கொஞ்சம். அதனால நீ சும்மா ஒரு புள்ளி வெச்சாலும் ஆயிரம் ரூபாய்க்கு கொறஞ்சி இல்ல."

"ஒரு புள்ளிக்கு ஆயிரமா?"

"ஊசிக்குத் தெரியுமாணா புள்ளியா கோலமான்னு?"

தேசப்பன் இதை யோசித்தான். மில்லில் மெஷினை ஓட்ட ஆரம்பித்தால் ஒரு கம்பிக்கும் நூறு கம்பிக்கும் ஒரே சூடுதான் ஏற்ற வேண்டும். நியாயமாகத்தான் இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப ஒரு ரோஜாப் பூ போட்டு மூடிடு. இத்தினூண்டு."

"இத்தினூண்டுலாம் மூடாதுணா. பழசு எவ்ளோ இருக்குதோ அதப்போல மூணு பங்கு வேணும். பச்சைய அமுக்கணும்னா மேல கருப்பு அடர்த்தியா எறக்கணும். ரெண்டு தபா வரணும். ஒம்பதாயிரம் ஆவும்."

"புதுசா அதே ரோஜா போட்டா?"

"மூவாயிரம்."

"அதே பூதான?"

"பூவு அதே பூவுதான். பூவுக்குக் காசு மூவாயிரம். மீதி ஆறாயிரம், கீழ இருக்கறது தெரியாம இருக்க."

ஒரு கம்பியைப் புதிதாக உருட்டுவதைவிட, கோணிப்போன கம்பியை நிமிர்த்துவதற்குத்தான் நேரம் தின்னும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"லேசர்ல அழிக்கலாம்," என்றாள் கிறிஸ்டினா.

"மெட்ராஸ் போவணும். ஒரு தபாவுல போவாது. ஆறு தபா, எட்டு தபா. ஒரு தபாவுக்கே நான் கேக்கறதுல பாதி ஆயிடும். இன்னொண்ணு கேளுக்கா. எது செஞ்சாலும் ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆறாது. கருகின தோசை மாதிரி இருக்கும். ஊரே இன்னா இன்னான்னு கேக்கும்."

"அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்றாள் கிறிஸ்டினா. "ரெண்டு டஜன் வளையல் போட்டுக்கோ."

"கைய நீட்டினா வளையல் முழங்கைக்கு ஓடிடும்டீ. ஞாயித்துக்கெழமை ஒரு நாளா? சாவுற வரைக்கும் சம்பந்தி. எத்தினி நாளு வளையல புடிச்சினு நிப்பேன்?"

தேசப்பன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு யோசனை வந்தால் முதலில் தொண்டையில்தான் தெரியும்.

"அழிக்கத்தான காசு ஜாஸ்தி. சேத்து எழுதினா?"

"சேத்துன்னா?"

"முன்னாடி 'அண்ணன்'னு போட்டுடு. அண்ணன் பேரு எழுதிக்கினா யார் இன்னா கேக்கப்போறாங்க? கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கலாம். எழுத்துக்கு எவ்ளோ?"

"எழுத்துக்கு எரநூறு. ஆனா ஆயிரத்துக்குக் கொறயாது."

"நாலு எழுத்து. ஆயிரத்துல முடிஞ்சிது." தேசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மோகன்ராஜ் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கையின் மேல் வைத்துக் காட்டினான். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

அண்ணன் கலியன்.

கிறிஸ்டினாதான் முதலில் சிரித்தாள்.

"வருக வருகன்னு கீழ சேத்துடு. ஃபிளெக்ஸ் பேனரு மாதிரியே இருக்குது. ம்மா, நீ எந்த வார்டுல நிக்கற?"

ஆரோக்கியமேரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தாளைத் தள்ளிவிட்டாள்.

"ரோஜாவே போடுப்பா. எங்கிட்ட சீட்டு எடுத்த காசு இருக்குது. இன்னிக்கு ஆரம்பி. ஞாயித்துக்கெழமைக்குச் சூடு பட்டுச்சுன்னு துணி சுத்திக்கறேன். கேன்டீன்ல வேல செய்யறவளுக்குச் சூடு படாதா?"

தேசப்பன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தான். மோகன்ராஜ் அதை டிராயரில் போட்டுவிட்டுக் கையுறையை எடுத்தான்.

"சுகர் இருக்காக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"இருக்குது," என்றான் தேசப்பன். "போன வாரம் எரநூத்து எம்பது."

"அது சாப்ட்டு பாத்தது."

"சாப்டாம பாத்தது. நான்தான் கூட நின்னுகினு இருந்தேன்."

மோகன்ராஜ் கையுறையைத் திரும்ப டப்பாவில் வைத்தான். "நான் தொடமாட்டேங்கா. சுகரோட இவ்ளோ கருப்பு எறக்கினா புண்ணு ஆறாது. சீழ் வெச்சிக்கும். சுகர எறக்கிட்டு, டாக்டரு சரின்னு சொன்னா வா. எப்பவா இருந்தாலும் செஞ்சி குடுக்கறேன்."

ஆரோக்கியமேரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

தேசப்பன் டிராயரைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். சுவரில் எழுதியிருந்தது: அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது.

"நமக்குமா?"

"உனக்குத் தராம இருப்பேனாணா..."

"இல்ல இல்ல. ரூல்னா ரூல். குடுத்த காசு குடுத்ததுதான்." தேசப்பன் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான். "எனக்குக் குத்து. ஆரோக்கியமேரின்னு."

"யோவ்," என்றாள் ஆரோக்கியமேரி.

"ஆயிரம் ரூபா வீணாப் போவணுமா?"

மோகன்ராஜ் விரல்விட்டு எண்ணினான். "பத்து எழுத்து. ரெண்டாயிரம் வருதுணா."

"ஏழு எழுத்துப்பா. ஆ, ரோ, க், கி, ய, மே, ரி."

"அது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ரோவுல கொம்பு ஒண்ணு, ர ஒண்ணு, காலு ஒண்ணு. மூணு தபா ஊசி எறங்குது. மேவுல ரெண்டு. பத்து."

"கால எல்லாம் தனியா கணக்குப் போட்டா எப்டி? அது ரோவோட காலுதான?"

"காலுக்கும் மை ஊத்தணுமில்ல?"

இரண்டு பேரும் விடவில்லை. தேசப்பன் 'ஆரோக்கியம்' மட்டும் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கும் என்றாள் மகள். கடைசியில் 'மேரி' என்று முடிவானது. யார் கணக்குப்படி எண்ணினாலும் அது ஆயிரத்துக்குள் அடங்கியது.

"மாதாவத்தான் எழுதிக்கினன்னு நெனைப்பாங்க," என்றாள் கிறிஸ்டினா. "கிறிஸ்மஸுக்குக்கூட கோயில் வாசப்படி மிதிக்காத ஆளு நீ. ஃபாதர் பாத்தா அடுத்த வாரமே உன்ன பாட்டுக் குழுவுல சேத்துடுவாரு."

"நெனைச்சிக்கட்டும். மாதா ஒண்ணும் கோச்சிக்கமாட்டாங்க."

இடம் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. தேசப்பனின் கையெல்லாம் மில்லில் தெறித்த நெருப்புப் பொட்டுகள். தழும்பின் மேல் மை நிற்காது, அதற்கு இன்னும் காசு என்றான் மோகன்ராஜ். இடது கையின் உள்பக்கம் ஒரு நாலு விரல் இடம் சுத்தமாகக் கிடைத்தது. இருபது நிமிடம். ஆயிரத்து இருநூறு டிகிரி கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷன், ஊசி பட்டதும் பெண்சாதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. ஆரோக்கியமேரியும் இழுக்கவில்லை.

கீழே வந்ததும் கிறிஸ்டினா கரும்பு ஜூஸ் வாங்கப் போனாள். இவர்கள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"உனக்கு இது பேஜாராவே இல்லியா?"

"இன்னாது?"

"என் கையில இருக்கிற பேரு."

தேசப்பன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தடவிப் பார்த்தான். "மொத வருசம் இருந்துச்சு. கொழம்புச் சட்டிய நீ புடிச்சினு வரும்போது கண்ணுக்கு நேரா அவன் பேருதான் வரும். அப்புறம் கொழம்பு நல்லா இருந்துச்சு. வுட்டுட்டேன்."

"இருபத்தாறு வருசமா ஒரு வார்த்த சொல்லல."

"நீ கேக்கல." ஆட்டோ வந்தது. கையைக் காட்டினான். "ஒம்பதாயிரம் குடுத்து மறைக்கணும்னு நெனைக்கறது யாருக்காக மேரி? எனக்காகன்னா வேணாம்."

ஆட்டோவில் பதினோரு பேர் இருந்தார்கள். பதில் சொல்லுகிற இடம் அது இல்லை.

வீட்டு வாசலில் ஒரு ஜோடி புதுச் செருப்பு கிடந்தது.

பக்கத்து வீட்டு முத்தம்மாள், தன்னிடம் கொடுத்திருந்த சாவியால் திறந்து உட்காரவைத்திருக்கிறாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் துணிப்பையோடு லட்சுமியம்மாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறியவள். காட்டுப்பள்ளி கப்பல் யார்டில் வேலை பார்க்கும் மகன் அன்புசெல்வனின் ரூமில் இரண்டு நாள் சமைத்துப் போடப் போகிறாளாம். போகிற வழியில் பெண்ணின் அளவு ஜாக்கெட்டை வாங்கிப் போகலாம் என்று இறங்கிவிட்டாளாம்.

"போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்," என்றாள் லட்சுமியம்மாள். "பண்ணினா நீங்க அடுப்புல நிப்பீங்க. அதான்."

"வாங்க சம்பந்தி, வாங்க." ஆரோக்கியமேரியின் இடது கை தானாகவே முந்தானைக்குள் போனது. கிறிஸ்டினா அதைப் பார்த்துவிட்டு, காபி போட அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

லட்சுமியம்மாளின் கண் முதலில் தேசப்பனின் கையில்தான் விழுந்தது. பிளாஸ்டிக் தாளுக்குள் சிவந்து வீங்கி 'மேரி' இருந்தது.

"இன்னா சம்பந்தி, இந்த வயசுலயா?"

"அட்வான்ஸு குடுத்துட்டேன் சம்பந்தி. திருப்பித் தரமாட்டேன்னுட்டான்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து ஆரோக்கியமேரி பார்த்தது இதுதான் முதல் தடவை. "எங்க ஊட்லயும் ஒரு ஆம்பள இருக்குதே. முப்பது வருசம் ஆச்சு. என் பேர கூப்புடறதுக்கே அதுக்கு வாய் வலிக்கும்."

அந்தச் சிரிப்போடு துணிப்பையைத் திறந்தாள். திருத்தணி பஜாரில் வாங்கிய கண்ணாடி வளையல். பச்சை இரண்டு டஜன், சிவப்பு இரண்டு டஜன்.

"பச்ச பொண்ணுக்கு. செவப்பு உங்களுக்கு. எனக்கு எடுக்கும்போதே உங்களுக்கும் எடுத்தேன். ஒரே கலரா இருக்கட்டும். கைய குடுங்க, அளவு பாத்துடலாம்."

ஆரோக்கியமேரி வலது கையை நீட்டினாள். ஆறு வளையல் ஏறியது. நல்ல அளவு.

"இன்னொரு கை."

"இருக்கட்டும் சம்பந்தி, நானே அப்புறமா போட்டுக்கறேன்."

"அட குடுங்க. என் கையால போடறேன்."

லட்சுமியம்மாள் உரிமையோடு முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை இழுத்தாள். விரல்களைக் குவித்து அழுத்தினாள். முதல் வளையல் புறங்கையைத் தாண்டி வழுக்கி, மணிக்கட்டில் போய் நின்றது. அதற்கு மேலே பச்சையாக நாலு எழுத்து.

அவள் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். படிக்கும்போது உதடு அசையும். உதடு முதல் எழுத்துக்குத் திறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

முப்பது வருடமாக அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியவில்லை. யார் பெயர் என்று கேட்கவேண்டும் என்றால்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். அவள் வளையலைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். பிறகு ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி இது?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

அடுப்பங்கரையில் ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது.

தேசப்பன் தொண்டையைச் செருமினான். "அது ஒண்ணுமில்ல சம்பந்தி. அது வந்து, இவங்க அண்ணன்..."

"நீ சும்மா இருய்யா," என்றாள் ஆரோக்கியமேரி.

நாலு எழுத்து சேர்த்தால் போதும். ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம், வாயால் சொன்னாலே ஆகிவிடும். அப்புறம் அந்த அண்ணனுக்கு ஒரு ஊர் வேண்டும். கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு சாவு வேண்டும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. மூன்று பங்கு.

லட்சுமியம்மாள் அவள் கையை இன்னும் விடவில்லை. மீதி வளையல்கள் அவள் இன்னொரு கையில் இருந்தன. வளையல்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்டது.

"உங்க ஊட்டுக்காரரு இல்ல சம்பந்தி," என்றாள் ஆரோக்கியமேரி. "பேரு ஒண்ணு. ஆளு வேற. மீதிய உக்காந்துதான் சொல்லணும். புள்ளைக்கு முன்னாடி வேணாம். உள்ள வாங்க."

லட்சுமியம்மாள் நகரவில்லை. தேசப்பனைப் பார்த்தாள். இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்பது போல.

"எனக்குத் தெரியும் சம்பந்தி," என்றான் அவன். "மொதல்லருந்தே தெரியும். போய் கேளுங்க."

அவள் துணிப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். பைக்குள் அளவு ஜாக்கெட் இன்னும் போய்ச் சேரவில்லை. வளையல்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள் அறைக்குள் நுழைந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்காராமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கிறிஸ்டினா இரண்டு டம்ளர் காபியோடு அறை வாசல் வரை வந்தாள். ஆரோக்கியமேரி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். மகளின் முகத்தை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். டம்ளர்களை அலமாரியில் வைத்துவிட்டு, ஒற்றை வளையல் கிடந்த கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.